மதுவிலக்கு ஏட்டு அடித்த செம்பு வாலை

மதுவிலக்குப் போலீஸில் ஏட்டாக இருந்துகொண்டே ஓய்வு நாளில் வீட்டில் உட்கார்ந்து செம்பு வாலை அடித்தவன், எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். வாலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கீழே ஒரு கொப்பரை, அதன் மேல் குவிந்த மூடி, மூடியின் பக்கவாட்டில் நீளமாக இறங்கும் ஒரு குழாய். கொப்பரையில் கொதிப்பது ஆவியாக ஏறி, குழாயில் குளிர்ந்து, மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழும். உள்ளே பூவைப் போட்டால் பன்னீர் விழும். ஓமத்தைப் போட்டால் ஓமத்தண்ணீர். புளித்த ஊறலை ஊற்றினால் சாராயம், அதன் பின்னாலேயே நாங்கள்.

இப்போது சர்க்காரே சாராயக் கடையைத் திறந்துவிட்டது. போன மாதம் இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். "பெரியய்யா, சாராயம் பிடிக்கப் போன நீங்களே வாலை அடிச்சீங்களாமே, மெய்தானா?" என்று கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மெய்தான்லே. சிரிக்காம உக்காந்து கேளுங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கும்போது காப்பி இரண்டு முறை ஆறியிருந்தது. எழுதிவையுங்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. வானம் பார்த்த பூமி. மூத்தவன் உழவைப் பார்க்கட்டும், நெட்டையாக வளர்ந்தவன் போலீசுக்குப் போகட்டும் என்று அய்யா முடிவு செய்தார். மாட்டை வாங்குவது மாதிரி என் மார்பை அளந்து எடுத்துக்கொண்டார்கள். கவாத்து, லத்தி, அடி, கஞ்சி என்று பயிற்சி முடிந்தது. மதுவிலக்கு எங்கள் ஜில்லாவுக்கு வந்ததும் என்னைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எனக்கு வாய்த்த சப்-இன்ஸ்பெக்டர் தாமோதரன், திருநெல்வேலிக்காரர். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தவே மாட்டார். அவருடைய பலமெல்லாம் மூக்கில் இருந்தது. பொடி போட மாட்டார், வெற்றிலை போட மாட்டார். ரோந்து போகும் நாளில் நாங்களும் போடக் கூடாது. தலைக்கு வாசனை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த ஒரு கான்ஸ்டபிளைக் கிணற்றடிக்கு அனுப்பிச் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னார். "மூக்கை வச்சுப் பொழைக்குதோம்வே, அதைப் போட்டு மூடலாமா?" என்பார்.

எங்கள் வேலை இப்படி நடக்கும். பனங்காட்டுக்குள் வரிசையாக நின்று, நீளமான இரும்புக் கம்பியை மணலில் குத்திக்கொண்டே நகர்வோம். ஊறல் பானைகளை மணலுக்குள்தான் புதைத்திருப்பார்கள். கம்பி 'டொக்'கென்று எதிலாவது இடித்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். தாமோதரன் வருவார். கம்பியை உருவி, நுனியை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாரும் இருமக் கூடாது. கண்ணைத் திறந்து, "தோண்டும்" என்பார், இல்லாவிட்டால் "நடயும்" என்பார். அவ்வளவுதான். தோண்டினால் ஊர்க்காரர் இருவர் சாட்சியாக நிற்க, மகஜர் எழுதி, சீசாவில் மாதிரி எடுத்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, மிச்சத்தை மணலில் கொட்டுவோம்.

அதற்குப் பிறகு ஊர்வலம். அது அவராகவே வைத்துக்கொண்ட பழக்கம், எந்தச் சட்டத்திலும் கிடையாது. பிடிபட்ட வாலையை ஒரு கான்ஸ்டபிள் தலையில் ஏற்றி, பட்டப்பகலில் பஜார் வழியாகக் கொண்டுவரச் செய்வார். யார் வீட்டில் பிடித்தது என்று கடைக்குக் கடை கேட்பார்கள், கான்ஸ்டபிள் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவான். "கோர்ட்டு போடுத அபராதத்தை எவனும் கட்டிருவான்வே. பஜார்ல பேரு போனா எங்க போய்க் கட்டுவான்?" என்பார் தாமோதரன்.

வழக்கு முடிந்த வாலைகளை உடைத்து நசுக்குவது என் பொறுப்பு. பெரும்பாலும் மண்பானைகள்தான், ஒரே போடு. எப்போதாவது செம்பு வரும். ஒரு நாள் வந்த செம்பு வாலை இருக்கிறதே, அடடா! தகட்டிலிருந்து அந்த மூடியை ஒரு மடிப்பு விழாமல் எப்படிக் குவித்தான் என்று சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். உடைத்துவிட்டேன், உத்தரவு ஆயிற்றே. ஆனால் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த ஓய்வு நாளில் இராமநாதபுரத்தில் ஒரு பாத்திரக்கடைப் பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலில் என்னைப் பார்த்ததும் அவர்கள் பின்வாசலைத் தேடினார்கள். நான் சுத்தியலைக் கேட்டதும் சிரித்தார்கள். செம்பு பிடிவாதக்காரப் பொருள். அடிக்க அடிக்க விறைக்கும், அதற்கு மேல் அடித்தால் கீறிக்கொள்ளும். நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி வெண்ணெய் மாதிரி வளையும். அடி, காய்ச்சு, அடி, காய்ச்சு. மாதக்கணக்கில் நான் செய்ததெல்லாம் கோணல் சட்டிதான். அதில் ஒன்றில் என் மனைவி ராக்கு கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"ஊர்ல உள்ள வாலையெல்லாம் உடச்சுப்புட்டு வீட்டுல வந்து வாலை அடிக்கிற போலீசு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான். என்னிக்காவது ஒங்களையே புடிச்சு ஒங்க ஸ்டேசன்லயே ஒக்கார வைக்கப் போறாக, பாருங்க" என்பாள் அவள்.

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உருப்படியாக வந்த என் முதல் வாலையை அடுப்பில் ஏற்றி, ஓமம் போட்டு, மூடி பொருந்தும் இடத்தில் மண் குழைத்த துணியைச் சுற்றி ஆவி போகாமல் அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் தாமோதரன். ஏதோ சம்மன் விஷயமாக வந்தவர் அப்படியே நின்று மூக்கைத் தூக்கினார். ராக்கு பதறிப்போய் வாலையின் மேல் முறத்தைக் கவிழ்த்தாள். கொதிக்கிற வாலையை முறம் மறைக்குமா?

"என்னவே இது?"

"வாலைங்கய்யா."

"அது தெரியுது. யாரோடது?"

"நான் அடிச்சதுங்கய்யா. சும்மா, பொழுதுபோக்குக்கு."

"உலகத்துல சீட்டாட்டம் இருக்கு, புல்லாங்குழல் இருக்கு, உமக்கு வாலைதான் கெடச்சுதா?" என்றார். ஆனால் போகவில்லை. திண்டாடிக்கொண்டு நின்ற ராக்குவிடம் பலகை கேட்டு வாங்கி உட்கார்ந்து, முதல் சொட்டு விழும்வரை குழாய் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு விழுந்ததும் உள்ளங்கையில் ஏந்தி மோந்தார். பிறகு தன் வழக்கமான சோதனையைச் செய்தார். துணித் திரியை நனைத்து அதில் தீக்குச்சியைக் காட்டுவார். சாராயமானால் நீலமாகப் பற்றும். இது 'உஸ்'ஸென்று அணைந்தது. "என் மகளுக்கு வயித்து வலி. ஒரு சீசா குடும்" என்று வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு என் வாலைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்படி நான் அடித்ததிலேயே நல்ல வாலை சுல்தான் பீவிக்கு அடித்ததுதான். அந்த அம்மாள் தாழம்பூத் தண்ணீர் வடிப்பவர். புருஷன் மவுத்தாகிவிட்ட பிறகு அந்தத் தொழிலை அவரே எடுத்து நடத்தி மகளை வளர்த்தார். ஓடைக்கரை முழுக்கத் தாழம்புதர். கல்யாண வீடுகளில் தெளிக்கவும், பலகாரத்தில் சேர்க்கவும் கீழக்கரையிலிருந்து வந்து வாங்கிப்போவார்கள். பழைய வாலை அடி ஓட்டையாகி, அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தார். அங்கே சுத்தியலோடு உட்கார்ந்திருந்த என்னைக் கடைக்காரர் கைகாட்டிவிட்டார். அந்தப் பழஞ்செம்பையே காய்ச்சித் தட்டி, குறைந்த இடத்துக்குப் புதுத் தகடு சேர்த்துப் பற்றவைத்து, உள்ளே ஈயம் பூசிக் கொடுத்தேன். குழாய் சேரும் இடத்தில் மட்டும் சுத்தியல் நழுவிப் பிறை மாதிரி ஒரு தழும்பு விழுந்துவிட்டது. "இருக்கட்டும் ஏட்டய்யா, அடையாளத்துக்கு ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே எடுத்துப்போனார்.

அடுத்த வருஷம் மழைக்காலம். ஒரு வழக்குக்காக நான் இராமநாதபுரம் கோர்ட்டில் இருந்தேன். மாலையில் திரும்பி வந்து ஸ்டேஷன் வராந்தாவில் ஏறியதும் அந்தத் தழும்பு என் கண்ணில் பட்டது. என் வாலை, அரக்கு முத்திரையோடு, பக்கத்தில் ஒரு மண்பானை.

கான்ஸ்டபிள் சந்தனம் பெருமையாக நடந்ததைச் சொன்னான். யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள். சுல்தான் பீவி வீட்டுக்குப் பின்னால் தாழம்புதருக்குள் கம்பி குத்தியிருக்கிறார்கள். டொக். நுனியில் புளித்த வாடை. தாமோதரன் "தோண்டும்" என்றுவிட்டார். மூன்று பானை. வீட்டுக்குள் புகுந்து பார்த்தால் செம்பு வாலை. இரண்டு பானையை அங்கேயே கொட்டிவிட்டு, ஒன்றை அத்தாட்சிக்கு எடுத்து வந்தார்கள். "பஜார் முழுக்க நான்தான் தலையில வச்சுக் கொண்டாந்தேன் ஏட்டய்யா. ஒரு கடை விடாம பேரைச் சொல்லிட்டேன்" என்றான்.

அட பாவி! பூ மொத்தமாக வரும் காலத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வடிக்க முடியாது. அதனால் மடலைத் தண்ணீரோடு பானையில் போட்டு, சூடு ஏறாமல் இருக்க ஈர மணலில் புதைத்துவைப்பது அந்த வீட்டு வழக்கம். இரண்டு நாள் தாண்டினால் மேல்மடல் அழுகிப் புளிப்பு வாடை வரத்தான் செய்யும். சாராயக்காரன் மறைக்கப் புதைக்கிறான், இந்த அம்மாள் குளிரப் புதைத்தார், கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் பூத்தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் பிடிபட்ட எவன்தான் மருந்து, ஓமம், பூ என்று சொல்லாமல் இருந்திருக்கிறான்? தாமோதரனுக்கு அது தினமும் கேட்கிற பாட்டு.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே சுல்தான் பீவி வந்தார். வெள்ளைத் துப்பட்டி முகத்தை மூடியிருந்தது, குரல் மட்டும் வெளியே வந்தது. நேராக தாமோதரன் மேசைக்கு முன் போய் நின்றார்.

"மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஆள் வந்துட்டுப் போயாச்சு. சாராயம் காச்சுற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம். வர்ற வெள்ளிக்கெழம நிக்காஹ். என் புள்ள காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. நீங்க செயிலுக்கு அனுப்புங்க, போறேன். அவ என்ன செஞ்சா?"

"மாதிரியை மெட்ராசுக்கு அனுப்பியிருக்கேம்மா. அங்க சோதிச்சு ரிப்போர்ட்டு வரட்டும்" என்றார் தாமோதரன். அந்த ரிப்போர்ட்டு வருவதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பேரப்பிள்ளையே பிறந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பேசாமல் இருந்துவிடலாம். வாலையில் என் பேரா எழுதியிருக்கிறது? வேலை போனால் மறுபடி மழையை எதிர்பார்த்து மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அம்மாள் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு தரம்கூட என் பக்கம் கைகாட்டவில்லை. இந்த ஏட்டுதான் அடித்துக் கொடுத்தார் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கதை மாறியிருக்கும். சொல்லவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அய்யா, அந்த வாலை நான் அடிச்சது."

தாமோதரன் பேனாவைக் கீழே வைத்தார். "எதை வச்சுச் சொல்லுதீரு?"

தழும்பைக் காட்டினேன். பூ எதற்குப் புதைக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவர் குனிந்து தழும்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது சாராய வாலைன்னு ஆச்சுன்னா, அடிச்சுக் குடுத்த உம்மையும் வழக்குல சேக்கணும். தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

"பயமா இல்லையா?"

"கை நடுங்குதுங்கய்யா" என்று நீட்டிக் காட்டினேன். மெய்யாகவே நடுங்கியது. சந்தனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தாமோதரன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷன் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைக்கச் சொன்னார். மகஜர் சாட்சிகளை வரவழைத்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் காதர் மரைக்காயரையும் ஆள்விட்டு அழைத்தார். அவர் குடையை ஊன்றிக்கொண்டு, நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார். மிச்சமிருந்த அந்த ஒரே பானையை எல்லார் முன்னிலையிலும் திறந்து வாலையில் கவிழ்த்தோம். குப்பென்று வந்த புளிப்பு வாடையில் மரைக்காயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பானையில் பூ ஊறி இன்னும் ஒரு நாள் கூடியிருந்தது, அழுகலும் கூடியிருக்கும். மூடியைப் பொருத்தி மண்துணியைச் சுற்றும்போது, சுல்தான் பீவி அடுப்பருகே குத்தவைத்து உட்கார்ந்து, விறகைத் தானே இழுத்தும் தள்ளியும் தீயை அடக்கினார். யாரையும் கிட்ட விடவில்லை. "தீ எகிறுனா பூ கருகிரும். தள்ளிப் போங்க எல்லாரும்" என்றார். ஸ்டேஷனே தள்ளி நின்றது, தாமோதரன் உட்பட.

முதல் சொட்டு விழுந்தது. தாமோதரன் குனிந்து மோந்தார். முகம் சுருங்கியது. அழுகல் வாடை எனக்கே வந்தது. இராமநாதபுரம் கோர்ட்டுக் கூண்டில் நான் நிற்பது மாதிரிக் கண்ணுக்குள் தெரிந்தது. ராக்கு சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

"முதத்தண்ணி அப்படித்தான் வரும். அதைக் கீழ ஊத்துங்க. பொறுத்தவங்களுக்குத்தான் பூ வாசம்" என்றார் சுல்தான் பீவி.

ஊற்றினோம். காத்திருந்தோம். பிறகு, எந்தச் சொட்டிலிருந்து என்று சொல்ல முடியாது, முற்றத்தில் வாசம் மாறியது. தெருவில் போன ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். லாக்கப்பில் கிடந்த ஒரு திருடன், "ஏலே, யாருக்குலே கல்யாணம்?" என்று சத்தம் போட்டான். தாமோதரன் துணித் திரியைக் கிண்ணத்தில் நனைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். உஸ்ஸென்று அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. மூன்றாவது குச்சியை மரைக்காயர் கையில் கொடுத்து, "நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார். அதுவும் அணைந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் சிரிப்பு வருகிறது, கண்ணில் தண்ணீரும் வருகிறது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தாமோதரன் சாட்சிகள் முன்னாலேயே, கிடைத்த தகவல் தவறு, வழக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வாலையை எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

சுல்தான் பீவி எழுந்திருக்கவில்லை. மரைக்காயர் இருமினார்.

"நம்ம கண்ணால பாத்தாச்சு, மனசுல ஒண்ணும் இல்ல. ஆனா சார், நாளைக்கு நிக்காஹ் முடிஞ்சு வலீமா விருந்துல நாலு பேரு உக்காந்து கேப்பாங்களே. பஜார்ல ஊரே பாத்துருக்கு. அங்க போய் நான் யாரு யாருக்குக் குச்சி கொளுத்திக் காட்டுறது?"

சந்தனம் தலையைக் குனிந்துகொண்டான். சுல்தான் பீவி அப்போதுதான் வாயைத் திறந்தார். குரலில் அழுகை இல்லை.

"நான் கொண்டு வரல சார். நீங்க கொண்டு வந்தீங்க. எந்த வழியா கொண்டு வந்தீங்களோ அந்த வழியா, அதே மாதிரி, பகல்ல கொண்டாந்து வைங்க. கடைக்குக் கடை பேரைச் சொன்னீங்கள்ல, அதையும் சொல்லுங்க."

சப்-இன்ஸ்பெக்டரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சந்தனம் சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். நானும் எழுந்தேன், நான் அடித்த சாமானை நான் சுமக்கிறேன் என்று. தாமோதரன் எங்கள் இருவரையும் கையால் விலக்கினார்.

"ஊர்வலம் யாரு போட்ட உத்தரவு? என் உத்தரவு. தள்ளும்வே" என்றார். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சந்தனத்தின் கையிலிருந்த துணியை வாங்கித் தலையில் சுற்றினார். "தூக்கி வையும்."

தூக்கி வைத்தோம். சூடு முழுக்க ஆறவில்லை, உள்ளே தண்ணீர் வேறு மிச்சம். ஒல்லியான மனுஷன், கழுத்து நரம்பு புடைத்தது. பஜாரில் நுழைந்ததும் முதல் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன சார் இது? யாரு வீட்டுல?"

"சுல்தான் பீவி வீட்டுல. நாங்க தப்பாப் புடிச்சுட்டோம். பூத்தண்ணி வாலை. திருப்பிக் கொண்டுபோறேன்."

அடுத்த கடை. அதே கேள்வி, அதே பதில். குரலை உயர்த்தாத மனுஷன் அன்றைக்குப் பஜார் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டி அவருடைய காக்கிச் சட்டை முதுகு நனைந்துகொண்டே வந்தது. தாழம்பூ வாசம் எங்களுக்கு முன்னால் போனது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் மரைக்காயர், அவருக்கும் பின்னால் சுல்தான் பீவி. பாதி பஜாருக்கு மேல் தாமோதரனுக்கு மூச்சு வாங்கியது. மீன்கடைப் பக்கம் ஒருவர் கேட்டபோது, "சுல்தான் பீவி வீட்டுல..." என்பதற்கு மேல் அவருக்குச் சொல் வரவில்லை.

மரைக்காயர் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ன கேக்குறே? எங்க சம்பந்தி வீட்டுச் சாமான். போலீசு தெரியாம எடுத்துட்டாங்க, இப்ப கொண்டாந்து குடுக்குறாங்க. வெள்ளிக்கெழம நிக்காஹ், நீயும் வந்துரு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சுல்தான் பீவி நடுத்தெருவில் நின்று, துப்பட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். ஸ்டேஷனில் அழாதவர். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, எங்களையெல்லாம் தாண்டி வேகமாக முன்னால் போய் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்.

வாசலில் வாலையைச் சுமந்தபடி தாமோதரன் நின்றார்.

"எங்கம்மா வைக்கணும்?"

"எடுத்த எடத்துல" என்றார் சுல்தான் பீவி.

தாமோதரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் மறுகாலை அழுத்தி இரண்டு பூட்ஸையும் வாசலிலேயே கழற்றிவிட்டு, வாலையைத் தாங்கியபடி மெல்லக் குனிந்து உள்ளே போனார்.